சும்மா வைத்த கை

சேசுவே துணை

பெடாஸ்,
20.8.2025

அன்புள்ள மகள் ஃபெலிசியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆக்லாந்து குளிரில் சளி இருமல் எதுவும் அண்டாமல் வேலைக்குப் போய் வருகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நானும் அம்மாவும், கெமாஸிலிருந்து வாரக் கடைசியில் வந்து போகிற உன் தம்பி ராய்ஸ்டனும், நீ விட்டுப்போன அந்த ஒற்றைக்கண் பூனையும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதிவிட்டேன். அந்த ‘நன்றாக’வை உள்ளது உள்ளபடி பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குப் பேனாவும் பேப்பரும் என்று நீ சிரிப்பாய். போனில் எழுதினால் உன் அம்மா எடுத்துப் பார்த்துவிடுவாள், பேசினால் பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பிள்ளையிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. அவள் தன்னோடு வேலை பார்க்கிற ராக்கம்மாவோடு பசாருக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படி.

ஏப்ரலில் அம்மாவுக்குக் கையில் சின்னக் காயம், எம்சி எடுத்து மருத்துவ விடுப்பில் இருக்கிறாள் என்று சொன்னோம் அல்லவா, அது சின்னக் காயம் இல்லையம்மா. அவள் வலது கை ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. நடுவிரலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள், இப்போது எடுத்துவிட்டார்கள், ஆனால் மடங்காது. வீடியோவில் பேசும்போதெல்லாம் அவள் கையில் ஒரு துண்டு கிடந்ததே, பாத்திரம் துடைத்துக்கொண்டே பேசுகிறாள் என்று நினைத்தாயா? நாலு மாதமாக அந்த ஒரே பாத்திரத்தைத்தான் துடைத்தாள். கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் அழாதே, ஏனென்றால் நான் எழுத வந்தது அழுகைச் சமாச்சாரம் இல்லை. உன் அம்மா விக்டோரியா என்ன காரியம் செய்தாள் என்று உனக்குத் தெரியவேண்டும், அதை அவள் வாயால் நீ ஒருநாளும் கேட்கப்போவதில்லை.

சுங்கை காடுட் ஃபேக்டரியில் அவள் நிற்கிற இடத்தை நீ பார்த்ததில்லை. இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒட்டினாற்போல் சுற்றும், நடுவில் ரப்பர் போய்த் தகடாக வெளியே வரும். ஓரத்தில் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்காவிட்டால் அடுத்த தகட்டில் மேடு விழும், சரக்கு ரிஜெக்ட். எடுக்கவேண்டுமென்றால் மெஷினை நிறுத்தவேண்டும், நிறுத்துகிற சாவி சூப்பர்வைசர் சத்தியசீலனிடம். அவர் ஒரே ஆள், மெஷின் ஒன்பது. அவர் வருவதற்குள் பத்துத் தகடு வீணாகும், பிறகு யார் பேச்சு வாங்குவது? அதனால் அந்த வரிசையில் நிற்கிற பெண்களெல்லாம் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார்கள். பழைய குடையின் கம்பியை ஒடித்து, நுனியை வளைத்து, ஆளுக்கொரு கொக்கி. மெஷின் ஓட ஓட அதால் கொத்தி இழுத்துவிடுவார்கள். அம்மா ஆறு வருஷமாக அந்தக் கம்பியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு போகிறாள், எனக்கே தெரியாது. ஈஸ்டர் முடிந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை காலை, கொக்கியின் நுனி நசுங்கி வளைந்துபோயிற்று. இவள் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் சீவிய காலத்தில் வெட்டுக்கோட்டில் காய்ந்த பாலை விரலால் உரித்துப் பழகியவள் அல்லவா, அதே பழக்கத்தில் விரலைக் கொண்டுபோயிருக்கிறாள். கையுறையைப் பிடித்து உருளை இழுத்துவிட்டது. பக்கத்து மெஷினில் நின்ற ராக்கம்மா போட்ட சத்தத்தில்தான் சத்தியசீலன் ஓடிவந்து நிறுத்தினாராம். ராக்கம்மா மட்டும் இல்லாவிட்டால் கை முழுதும் போயிருக்கும்.

இனிமேல்தான் அப்பாவின் பெருமையைக் கேள். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள், கையில் மூட்டையாகத் துணி. என் முகத்தைப் பார்த்து அவள் சொன்னது என்ன தெரியுமா, “ஒண்ணுமில்லீங்க, பயப்படாதீங்க, சும்மாதான் கைய வச்சேன், இழுத்துட்டுது.” அந்த நேரம் பார்த்து, எப்படி நடந்தது என்று கவுண்டரில் மலாயில் கேட்டார்கள். நான் யார், எஸ்டேட் ஆபீசில் முப்பது வருஷம் கணக்கு எழுதும் கிராணிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன், ஊருக்கெல்லாம் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்த யாகப்பன். கேட்டவர் வாயை மூடுமுன் பெரிய துபாஷி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், அவள் ‘சாஜா-சாஜா’ கையை வைத்தாள் என்று. சும்மாவுக்கு அதுதானே மலாய்? அதுதான். ஆனால் சாஜா என்றால் சும்மாவும் ஆகும், வேண்டுமென்றே என்றும் ஆகும், யார் எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அங்கே கேட்டு எழுதிக்கொண்டவர் ‘செங்காஜா’ என்று எழுதிக்கொண்டார், அதாவது வேண்டுமென்றே. அவர்மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் எழுதினார். ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கிற இடத்தில் அவர் என்ன நம் வீட்டுச் சும்மாவுக்கு அகராதியா பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூன் மாதம் சொக்சோவிலிருந்து, அதுதான் தொழிலாளர் காப்புறுதி ஆபீசிலிருந்து, கடிதம் வந்தது. அது சனிக்கிழமை, ராய்ஸ்டன் வீட்டில் இருந்தான், அவன்தான் உரக்கப் படித்தான். ஆஸ்பத்திரி அறிக்கையில் ‘வேண்டுமென்றே கை வைத்தார்’ என்று இருக்கிறது, கம்பெனி அறிக்கையில் ‘விதியை மீறி’ என்று இருக்கிறது, ஆகையால் இது வேலையால் வந்த விபத்துதானா என்று முடிவு செய்ய விளக்கம் தேவை, இரண்டு வாரத்துக்குள் வரவும். படித்துவிட்டு அவன் கேட்டான், “அப்பா, வேணும்னே வச்சாங்கன்னு யாருப்பா சொன்னது?” எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலையால் வந்ததில்லை என்று முடிவாகிவிட்டால் எம்சியில் இருக்கும் நாளுக்கான சம்பளம் இல்லை, விரல் போனதற்கு ஆயுசுக்கும் வருகிறது என்று சொல்கிறார்களே அதுவும் இல்லை, கைப்பயிற்சி இல்லை. அதைவிட, தானாகக் கையை விட்டுக்கொண்டவள் என்ற பேர் நிற்கும், ஃபேக்டரி திரும்ப எடுக்காது. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு கையோடு வேறு எங்கே போய் வேலை கேட்பாள்? எல்லாம் என் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையால்.

உடனே பேனாவை எடுத்தேன். உயர்ந்த மலாயில் மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன், கடைசியில் எனக்கே பாதி புரியவில்லை. அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், “நீங்க எழுதுனது போதும்லா. என் கை, நானே போய்ப் பேசிக்கிறேன்.” சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் தன் குடைக்கம்பி இருந்ததே, எங்கே என்று கேட்டாள். மகளே, அப்பா என்ன செய்திருந்தேன் தெரியுமா. ஏதோ வேண்டாத கம்பி என்று நினைத்து, அந்த நசுங்கிய நுனியைக் குறடால் தட்டி நேராக்கி, குளியலறை ஓட்டையில் அடைத்த முடியை எடுக்க வைத்திருந்தேன். அவள் முதலில் கொக்கியால்தான் இழுத்தாள், அது வளைந்த பிறகுதான் விரலை விட்டாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே நிமிர்த்திவிட்டேன். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கம்பியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, “வேற யாராவது இதச் செஞ்சிருந்தா இன்னேரம் கதையே வேற,” என்று மட்டும் சொல்லி, இடது கையால் ராக்கம்மாவுக்குப் போன் போட்டாள்.

ராக்கம்மா பாவம், பயந்தவள். அவளுக்கு கான்ட்ராக்ட் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, சாட்சிக்கு வந்தால் அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ. அம்மா அவளை வற்புறுத்தவே இல்லை. “நீ எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம் ராக்கம்மா, நீங்க எல்லாரும் பையில என்ன வச்சிருக்கீங்களோ அத மட்டும் ஒரு நாள் கடன் குடு,” என்றாள், அவ்வளவுதான். அஞ்சாம் நாள் ராக்கம்மா தன் ஓய்வு நாளில் பிஸ்கட் டின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே ஏழு குடைக்கம்பி. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் சுற்றியிருந்தது, ஏழும் அதே இடத்தில் அதே மாதிரி நசுங்கியிருந்தன. கடன் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நானும் வரேன், வர்றது வரட்டும்லா,” என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டு மரியாதை வரிசையில் அவள் இன்று எனக்கு மேலே, பூனைக்குச் சமமாக இருக்கிறாள்.

சிரம்பானில் அந்த சொக்சோ ஆபீசில் எங்களைக் கூப்பிட்டது ஒரு மலாய்க்கார அதிகாரி, முப்பத்தைந்து வயதிருக்கும், குவாலா பிலா பக்கத்துப் பெண். நான் தொண்டையைச் செருமினேன். உன் அம்மா காலால் என் காலை மிதித்தாள். பிறகு பேசினாள் பார், நம் பசார் மலாய்தான், மீன்காரனிடம் பேசுகிற மலாய், அதற்கு இலக்கணம் கிடையாது, ஆனால் ஒரு வார்த்தை வீண் இல்லை. மேசையில் இரண்டு தண்ணீர் பாட்டிலை ஒட்டிப் படுக்க வைத்து, நடுவில் ஒரு பேப்பரைச் செருகி, ராக்கம்மாவை உருட்டச் சொல்லி, ரப்பர் எங்கே ஒட்டும், கொக்கி எங்கே போகும், விரல் எங்கே போனது என்று அப்படியே காட்டினாள். டின்னைக் கவிழ்த்து ஏழு கம்பியையும் கொட்டினாள். “கை வச்சது நான்தான் புவான், பொய் சொல்லமாட்டேன். விதி இருக்குறதும் தெரியும். ஆனா வெளையாடப் போறவ ஆறு வருசமா இத பையில போட்டுக்கிட்டு போவாளா?” என்று கேட்டாள். அந்த அதிகாரி கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தார். விதியை மீறியிருந்தாலும் கம்பெனி வேலைக்காகச் செய்யும்போது நடந்ததென்றால் அது வேறு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றார். நான் அதுவரை விதி மீறியதை மறைத்துச் சொல்லவேண்டும் என்றல்லவா மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் ‘செங்காஜா’ என்று சொன்னீர்கள் என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஃபெலிசியா. அது செங்காஜா இல்லை, சாஜா-சாஜா, எங்கள் பாஷையில் சும்மா என்று ஒரு சொல் என்றாள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என்ன விஷயம் என்று கேட்டால் சும்மா வந்தேன் என்றுதான் சொல்வார்கள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும், மகளின் கல்யாணப் பத்திரிகையும் இருக்கும், மனதில் ஒரு பெரிய கவலையும் இருக்கும், வாய் மட்டும் சும்மா என்று சொல்லும், கேட்பவர் பதறக்கூடாது என்று அப்படிச் சொல்வது என்றாள். “என் வீட்டுக்காரரு மூஞ்சி செத்துப்போய் நின்னிச்சு, அதான் சும்மான்னு சொன்னேன்,” என்றாள். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அம்மாவும் அப்படித்தானாம். மூட்டு வலியோடு இரண்டு பஸ் மாறி ஒரு கூடை ரம்புத்தானைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாராம், ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் நம்ம நெகிரி மலாயில் ‘சாஜோ’ என்பாராம், சும்மாதான் வந்தேன் என்று. பிறகுதான் தெரியுமாம், டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் என்று. அதன்பிறகு அந்த அறையில் மூன்று பெண்களும் பேசிக்கொண்டார்கள். நான் ஏழு கம்பியையும் நூல் கலையாமல் டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தேன், எனக்குக் கிடைத்த வேலை அதுதான்.

எல்லாவற்றையும் எழுதி முடித்து, கையெழுத்து போட முடியாவிட்டால் பரவாயில்லை, பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்று மையை நகர்த்தினார். இவள் மைப்பெட்டியைத் திரும்ப அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். எஸ்டேட்டில் தன் அம்மா சாகும்வரை கைநாட்டுத்தான் வைத்தாள், தான் வைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, இடது கையால் பேனாவைப் பிடித்து ‘விக்டோரியா’ என்று முழுசாக எழுதினாள். கோடு கோணல்தான், ஆனால் ஒரு எழுத்தும் குறையவில்லை. கை அடிபட்டதிலிருந்தே நான் தூங்குகிற மத்தியான நேரத்தில் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிப் பழகியிருக்கிறாள், பிறகு பார்த்தேன், மாதம் மாதமாக அவள் பேர்தான். அடேயப்பா, இந்த மனுஷியோடு இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், பாரம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் வீட்டில் என்று நினைத்துக்கொண்டு. அன்றைக்குத் திரும்பி வரும்போது காரை ஓட்டிக்கொண்டே அவளைப் பார்த்துப் பார்த்து வந்ததில் பெடாஸ் சந்திப்பைத் தாண்டி ரெம்பாவ் வரை போய்விட்டேன்.

அதன்பிறகு அதிகாரிகள் ஃபேக்டரிக்கே போய் மெஷினைப் பார்த்தார்களாம். சத்தியசீலனைக் குறை சொல்லமாட்டேன், கேட்டதும் சாவி விஷயத்தை அவரே ஒளிக்காமல் சொல்லிவிட்டார், அந்த மனிதருக்கும் இத்தனை நாள் மனது அரித்திருக்கிறது. இப்போது ஒன்பது மெஷினிலும் கைக்கு எட்டுகிற இடத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது, யார் இழுத்தாலும் நின்றுவிடும். அதற்கு அங்கே பெண்கள் ‘விக்டோரியா கயிறு’ என்று பேர் வைத்திருக்கிறார்களாம். ராக்கம்மா சொன்னதும் உன் அம்மா வெட்கப்பட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மாதா பரலோகம் போன திருநாளுக்கு முதல் நாள் கடிதம் வந்தது, வேலையால் வந்த விபத்துதான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எம்சி நாளுக்கெல்லாம் கிடைக்கும். கை ஆறியதும் டாக்டர்கள் குழு பார்த்து எவ்வளவு ஊனம் என்று முடிவு செய்து, அதற்கு உண்டானது ஆயுசு முழுக்க வரும். வாரம் இருமுறை கைப்பயிற்சிக்குப் போகிறாள், அங்கே ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்களாம், ரப்பர் என்னை விடாது போலிருக்கிறது என்று சிரிக்கிறாள். ஒரு அலுவலர் ஃபேக்டரியோடு பேசி, தகடுகளைப் பரிசோதிக்கிற பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். வீட்டில் இரு என்று நான் சொன்னேன். வீட்டில் இருந்தால் உங்கள் மலாயைக் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவையும் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஞாயிறு நீ கூப்பிட்டாய் அல்லவா. நான் கவனிக்கவில்லை, அம்மாதான் கவனித்தாள். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் கையை விரல் நுனிவரை இழுத்து விட்டிருந்தாய். டீ கப்பை இடது கையால் எடுத்தாய், நீ எப்போது இடது கைக்காரி ஆனாய்? கையில் என்னம்மா என்று அவள் கேட்டதற்கு, “சும்மாம்மா” என்றாய். போனை வைத்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. “நான் துண்டு போட்டேன், அவ ஸ்வெட்டர் போட்டிருக்கா,” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நீ வேலை செய்கிற பேக்கரியில் அவ்வளவு பெரிய அடுப்பும் மாவு பிசைகிற மெஷினும் இருக்கிறது என்று நீயே படம் அனுப்பியிருக்கிறாய். மகளே, எங்களிடம் மறைத்ததற்குத் திட்ட எனக்கு வாய் இல்லை, நாங்கள்தான் முதலில் மறைத்தோம். ஆனால் அங்கே யாராவது என்ன நடந்தது என்று கேட்டால் சும்மா என்று சொல்லிவைக்காதே. என்ன நாள், என்ன நேரம், எந்த மெஷின், யார் பக்கத்தில் நின்றார்கள், எல்லாம் எழுதி வைத்துக்கொள். பக்கத்தில் நின்றவர்களின் பேரை வீட்டில் கூப்பிடுகிற மாதிரி இல்லாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுது. கையில் இருந்த சாமானைத் தூக்கிப் போடாதே, யாரையும் நிமிர்த்தவும் விடாதே. அங்கேயும் இதற்கென்று ஒரு ஆபீஸ் இருக்கும், விசாரி, போ, நீயே பேசு. வேலையை விட்டுவிட்டு உடனே ஓடிவா என்று நான் சொல்லமாட்டேன். விக்டோரியாவின் மகளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது.

தாவீது சங்கீதத்தை விடாமல் வாசி, ஞாயிறு பூசைக்குப் போ, குளிரில் தலைக்குத் துணி கட்டு. பூனை நீ தூங்கின கட்டிலில்தான் தூங்குகிறது. ஆண்டவரும் மாதாவும் உன் இரண்டு கைகளையும் காத்து, செய்கிற வேலையில் உனக்குப் பேரும் பலமும் தரட்டும். இந்தக் கடிதம் வந்தது என்று அம்மா இருக்கும்போது சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அப்பா,
சூ. யாகப்பன்

பி.கு. அம்மா பசாரிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். தாழ் போட்ட கதவைத் தட்டினாள், உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள், நான் கதவைத் திறந்துகொண்டே சும்மா என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் பேப்பரைப் பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டாள். கிழித்துப் போடுவாள் என்று பார்த்தேன், பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் எழுத்து, கோணலைப் பார்த்துச் சிரிக்காதே.

ஃபெலிசியா. ஞாயிறு கூப்பிடு. ரெண்டு கையையும் காட்டு. நானும் காட்டுறேன். அம்மா.